மர ஏணி செய்யக் கொடுக்கும்முன் வீட்டில் அளந்து பார்க்க வேண்டியவை

பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதோ, சீர், விசேஷம் வந்தால் அட்டாலியில் (பரணில்) இருக்கும் பித்தளை அண்டாவை இறக்கும்போதோதான் வீட்டில் ஏணி இல்லாதது உறைக்கும். உடனே பிளாஸ்டிக் சேர் மேல் முக்காலியைப் போட்டு ஏறுகிறோம், கீழே ஒருவர் பிடித்துக்கொள்கிறார். தயவுசெய்து அப்படி ஏறாதீர்கள். கடையில் அலுமினிய ஏணி கிடைக்கிறது, தூக்க லேசாக இருக்கும், தினமும் ரூம் ரூமாகக் கொண்டுபோக வேண்டிய வீட்டுக்கு அதுதான் நல்லது. ஆனால் அட்டாலி ஒரே இடத்தில் இருக்கிறது, ஏறுபவருக்கு வயதாகிவிட்டது, அவர் கால் எட்டுகிற அளவுக்குப் படி வேண்டும், ஏணி இன்னும் இருபது முப்பது வருஷம் நிற்க வேண்டும் என்றால் ஆசாரியிடம் சொல்லி மரத்தில் செய்துகொள்வதுதான் சரி.

எங்கள் வீட்டில் இது இரண்டாவது ஏணி. முதலாவதை ஒரு பட்டறையில் செய்து வாங்கினோம். பச்சை பெயின்ட் அடித்து, பளபளவென்று, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. எட்டு மாசம் கழித்து அம்மா நாலாவது படியில் கால் வைத்தபோது படி நடுவில் படக்கென்று விட்டுவிட்டது. கை அட்டாலி விளிம்பைப் பிடித்திருந்ததால் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்ததோடு போயிற்று. அன்று ராத்திரி அந்த உடைந்த படியை எடுத்து விளக்கடியில் வைத்துச் சுரண்டிப் பார்த்தேன். பெயின்டுக்குக் கீழே மக்கு (ஓட்டை அடைக்கிற பசை), மக்குக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு கணு. மரத்தின் ரேகை அந்தக் கணுவைச் சுற்றி வளைந்து போகிறது, விரிசல் சரியாக அந்த வளைவிலேயே ஓடியிருக்கிறது. கணுவை மக்கு வைத்து மூடி மேலே பெயின்டும் அடித்துக் கொடுத்தவரிடம் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஏணிக்குப் பெயின்ட் அடிக்க விடாதீர்கள், பெயின்ட் அடித்த மர ஏணியை வாங்கவும் செய்யாதீர்கள். விரிசல், கணு, உளு எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது ஏணி செய்தவர் காங்கேயம் பக்கத்தில் அந்தக் காலத்தில் மாட்டுவண்டி வேலை செய்த ஆசாரி. வண்டிச் சக்கரத்தில் ஆரக்காலை நடுக்கட்டையான குடத்தில் இறக்கிப் பழகிய கை என்பதால் துளை அடித்துப் பொருத்துவது அவருக்குச் சாதாரணம். உங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் தேடிப் போங்கள். நான் மரம் என்ன விலை, எத்தனை நாளாகும் என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் கேட்டது ஒன்றுதான். "ஏறப்போறது யாருங்க?" அம்மா என்றேன். "செரி, கூப்பிடுங்க." வாசலில் கிடந்த செங்கல்லில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, "இதுமேல ஒரு எட்டு வெச்சு ஏறுங்க அம்மிணி" என்றார். அம்மா ஏறினார். இன்னொரு கல்லை வைத்தார். அம்மா ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, "மூணு போதுங்ணா, நாலுன்னா முட்டி புடிக்குது" என்றார். கல்லு மூணு அங்குலம், மூன்று கல்லு ஒன்பது. படிக்குப் படி ஒன்பதரை அங்குலம் என்று அங்கேயே முடிவாயிற்று. பொதுவாகப் பத்திலிருந்து பன்னிரண்டு அங்குலம் வரை வைப்பார்கள், வாலிப வயசுக்காரர்களுக்கு அது சரி. எந்த அளவு வைத்தாலும் தரையிலிருந்து முதல் படிக்கும், கடைசிப் படி வரைக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடக்குறைய இருந்தாலும் இறங்கும்போது கால் பழக்கத்தில் தேடும், படி அங்கே இருக்காது.

படி உருட்டாக வேண்டுமா தட்டையாக வேண்டுமா என்பதிலும் ஏறுபவரைத்தான் பார்க்க வேண்டும். நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு ஏறுகிறோம். உருட்டுப் படியில் இரண்டு நிமிஷம் நின்றால் உள்ளங்கால் நடுவில் கம்பி வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும், வலியில் காலை மாற்றும்போதுதான் தடுமாறுவோம். மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனம், முன்விளிம்பை மழுக்கி உருட்டிய தட்டைப் படி கேளுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏணி சாய்ந்து நிற்கும்போது படி தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும் என்றால், சட்டத்தில், அதாவது இரண்டு பக்கமும் நிற்கும் நெடுங்கட்டையில், துளையைச் சாய்வாக அடிக்க வேண்டும். அதனால் எவ்வளவு சாய்வில் நிறுத்தப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கணக்கு சுலபம்: ஏணி எந்த உயரத்தில் சாய்கிறதோ அதில் நாலில் ஒரு பங்கு தூரம் அடிக்கால் சுவரை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஏழடி அட்டாலி என்றால் ஒன்றே முக்கால் அடி. இது சுமார் 75 டிகிரி. இதைவிடச் செங்குத்தாக நிறுத்தினால் ஏணி பின்னால் வரும், அதிகம் சாய்த்தால் அடிக்கால் வழுக்கும்.

நீளத்துக்கு வருவோம். அட்டாலிக்குள் ஏறி இறங்குவதாக இருந்தால், ஏணி விளிம்புக்கு மேல் மூன்றடி நீண்டிருந்தால்தான் பிடித்துக்கொண்டு காலை மாற்ற முடியும் என்பது வழக்கமான கணக்கு. பழைய ஓட்டு வீட்டில் கூரை உச்சி உயரமாக இருக்கும், அங்கே இது ஒத்துவரும். இப்போதைய கான்கிரீட் மெத்தை வீட்டில் சீலிங் பத்தடி, அட்டாலி ஏழடி, மூன்றடி நீட்டினால் ஏணியின் தலை சீலிங்கில் இடிக்கும். அங்கே நின்றவாறே எட்டி எடுக்கத்தான் போகிறோம், ஆகவே இரண்டடி நீட்டினால் போதும், மொத்த நீளம் ஒன்பதே கால் அடி வரும். அட்டாலி விளிம்போடு கால் வைக்கும் படிகளை நிறுத்திவிட்டு, அதற்கு மேல் கைபிடிக்க ஒரு குறுக்குக் கட்டை மட்டும் வைக்கச் சொன்னோம், அங்கே படி இருந்தால் யாராவது ஏறத்தான் பார்ப்பார்கள். நீளம் முடிவானதும் அதே நீளத்துக்கு ஒரு பிவிசி பைப்பை வாங்கி, ஏணி வைக்கப்போகும் இடத்திலிருந்து அட்டாலி வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். நடையிலிருந்து ரூமுக்குத் திரும்பும் மூலையில் பைப் மாட்டிக்கொண்டால் ஏணியும் மாட்டும். அப்படி என்றால் இரண்டாக மடங்குகிற ஏணிதான், கீல் தடிமனாகவும், விரிந்தால் நிறுத்த இரண்டு பக்கமும் சங்கிலியும் இருக்க வேண்டும்.

மரம். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், எனக்கு இது நாலாவதாக வருகிற விஷயம். தேக்கு நல்லது, மறுப்பதற்கில்லை. எண்ணெய்ப் பசை உள்ள மரம், வெயிலுக்கும் மழைக்கும் அதிகம் சுருங்கி விரியாது, கரையான் சீக்கிரம் அண்டாது. ஆனைமலை டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பேர் வந்ததே மேலிருந்து தேக்கு மரங்களை வழுக்கி விட்டதால்தான், அவ்வளவு காலமாக நம் பக்கம் புழங்குகிற மரம். ஆனால் தேக்கு என்ற பேருக்காக ஓரத்து வெள்ளைக் கட்டையை வாங்கிவிடாதீர்கள். வைரம் பாய்ந்த நடுப்பகுதியாக இருக்க வேண்டும், வெளிறிய ஓரம் சீக்கிரம் உளுத்துப் போகும்.

தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த வேம்பு இருக்கிறது, அதில் செய்யலாமா என்று கேட்பவர்கள் அதிகம். செய்யலாம், ஆனால் அறுத்துப் பலகையாக்கி நிழலில் ஒரு வருஷமாவது காய வேண்டும், வேம்பில் ரேகை பின்னிப்பின்னிப் போகும் என்பதால் நேரான துண்டாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். வாகையும் கருவேலமும் பலம், கருவேலம் கனம். பொள்ளாச்சிக்காரர்கள் தென்னையைக் கேட்பார்கள். வெளிச்சுற்று இரும்பு மாதிரி இருந்தாலும் உள்ளே மெத்து, சிலாம்பு வெறுங்காலில் ஏறும், எனக்கு அது வேண்டாம். தைலமரம் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். எஸ்டேட் சில்வர் ஓக் விலை குறைவு, ஆனால் கரையான் விடாது. பேக்கிங் பெட்டி பைன் மரத்தில் கணு அதிகம், ஏணிக்கு வேண்டவே வேண்டாம். வெளியே டேங்க் கழுவவும் தட்டுப்போர் (சோளத்தட்டுக் குவியல்) ஏறவும் மூங்கில் ஏணியே நல்ல ஏணி, விலையும் லேசு, தூக்கவும் லேசு. இடித்த வீட்டு உத்தரம், நிலவு (வாசக்கால்) மரம் கிடைத்தால் விடாதீர்கள், பல பத்து வருஷம் காய்ந்தது, இனிச் சுருங்காது. பழைய ஆணித் துளையும் செல்லரித்த தடமும் இருக்கிற பகுதியை மட்டும் தள்ளிவிட வேண்டும். மரத்தை அடையாளமே தெரியாது என்பவர்கள், கோவையில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் மர மாதிரிகள் வைத்திருக்கிறார்கள், திறந்திருக்கிற நாளைக் கேட்டுக்கொண்டு ஒருதரம் போய்ப் பாருங்கள், அப்புறம் மர டிப்போவில் உங்களை ஏமாற்றுவது கஷ்டம்.

எந்த மரமானாலும் அறுத்த துண்டின் ரேகையைப் பாருங்கள். சட்டத்தின் விளிம்போடு ஒரு அடி நீளம் விரலை ஓட்டினால், ரேகை ஒரு அங்குலத்துக்கு மேல் விளிம்பை நோக்கிச் சாயக் கூடாது. சாய்ந்தால் அந்தச் சட்டம் ஒருநாள் சாய்வாகப் பிளக்கும். படிக்கு வைக்கிற துண்டில் கணுவே கூடாது, சட்டத்தில் விளிம்போரம் கூடாது. ஈரம் இருக்கிறதா என்று சந்தேகமானால், அதே மரத்தில் ஒரு சிறு துண்டை வாங்கி வந்து சமையலறைத் தராசில் எடை போட்டு, வீட்டுக்குள் வைத்து ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள். எடை நன்றாக இறங்கியிருந்தால் மரம் இன்னும் பச்சை. ஆடிக் காற்று அடிக்கிற நம் ஊர் வறட்சிக்குப் பச்சை மரத்தில் செய்த ஏணி ஆறே மாசத்தில் லொடலொடவென்று ஆடும்.

அளவு: சட்டம் மூன்றுக்கு ஒன்றே கால் அங்குலம், சட்டங்களுக்கு நடுவில் அடியில் பதினாலு, தலைப்பில் பன்னிரண்டு அங்குலம். எங்கள் ஏணிக்கு அறுப்புச் சேதம் போக முக்கால் கன அடி மரம் ஆயிற்று. காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் பதினெட்டு கிலோ, ஆகவே ஏணி பதிமூன்று, பதினாலு கிலோ. அம்மாவால் தூக்க முடியாது என்பதால் ஏணி அட்டாலி அருகிலேயே சுவரோரம் நிற்கிறது. மரத்தைக் கன அடிக் கணக்கிலும் கூலியைத் தனியாகவும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருத்துகிற இடத்தில்தான் ஏணியின் உயிர். சட்டத்தின் மேல் படியை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், மரம் சுருங்கினால் ஆணி கழன்றுவிடும், நம் எடை முழுக்க ஆணிக் கழுத்தில் நிற்கும். சட்டத்தில் துளை அடித்து, படியின் முனையைச் சீவி மறுபுறம் வரை இறக்கி, வெளியே தெரிகிற முனையில் ஆப்பு அடித்து, குறுக்கே மூங்கில் ஆணியும் போட வேண்டும். மேலே, நடுவில், கீழே என மூன்று படிக்கு அடியில் ஒரு இரும்புக் கம்பியை இரண்டு சட்டத்துக்கும் ஊடாக விட்டு நட்டுப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள், சட்டம் அகலாது. சித்திரை வெயிலில் வருஷத்துக்கு ஒருமுறை அந்த நட்டை ஒரு சுற்று முடுக்கினால் போதும்.

டைல்ஸ் தரைக்கு அடிக்காலில் ரப்பர் கட்டாயம். டயர் துண்டை வெட்டி, ஸ்குரூவின் தலை ரப்பருக்குள் புதைகிற மாதிரி முடுக்கச் சொல்லுங்கள், தலை வெளியே இருந்தால் ரப்பர் இருந்தும் பயனில்லை. மேலே அட்டாலி விளிம்பில் ஒரு இரும்புப் பட்டையும், ஏணியில் அதில் மாட்டும் இரண்டு கொக்கியும் வைத்தோம், இப்போது ஏணி பக்கவாட்டில் நகராது.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை, கால் படுகிற இடத்தில் வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், விரித்து வெளியே காயப் போடுங்கள். மரம் என்பதால் கரன்ட் அடிக்காது என்று நம்பி ஈர ஏணியோடு வயர் பக்கம் போவதும் கூடாது.

ஏணியை வாங்குகிற அன்று பட்டறையிலேயே சோதித்துவிடுங்கள். இரண்டு முனைக்கும் கீழே ஒவ்வொரு செங்கல் வைத்துத் தரையில் படுக்கப் போட்டு, வீட்டிலேயே எடை அதிகமானவர் ஒவ்வொரு படியாக ஏறி நிற்கட்டும். சாய்த்து நிறுத்தும்போது நம் எடையில் கால்பங்குதான் சட்டத்தை வளைக்கும், படுக்கப் போட்டால் முழு எடையும் வளைக்கும், ஆகவே சட்டம் இதில் தாங்கினால் போதும். நடுவில் நிற்கும்போது சத்தம் வருகிறதா என்று குனிந்து கேளுங்கள். இறங்கியதும் சட்டத்தின் ஒரு முனையில் கண் வைத்து மறுமுனை வரை நோட்டம் பாருங்கள், பழையபடி நேராகியிருக்க வேண்டும். எங்கள் ஆசாரி அன்று தானே முதலில் ஏறினார், அப்புறம் என்னை ஏறச் சொன்னார், கடைசியாக ஏணியைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மாவை மூன்று படி ஏறி இறங்கச் சொல்லி, அம்மாவின் கால் எங்கே படுகிறது என்று பார்த்து, மூன்றாவது படியின் விளிம்பை இழைப்புளியால் இன்னும் ஒரு இழுப்பு இழைத்துக் கொடுத்தார்.