ஸ்பேஸ்பாரை அளந்தீர்களா? கஸ்டம் கீபோர்டு வாங்குவோர் செய்யும் தவறுகள்

போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவர் தன் புதுக் கீபோர்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கீகேப் (விசையின் மேல்மூடி) எல்லாம் அழகான இளம்பச்சை. நடுவில் ஸ்பேஸ்பார் மட்டும் கறுப்பு. கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, இது மட்டும் உட்கார மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?"

ஒன்றும் பண்ண முடியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் என் மேசை இழுப்பறையில் அதே கதையைச் சொல்லும் சாம்பல் நிற ஸ்பேஸ்பார் ஒன்று இன்றும் கிடக்கிறது. அவர் எனக்குத் தெரிந்து மூன்றாவது ஆள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வாரண்டி அட்டையைப் பத்திரமாக வையுங்கள், பக்கத்தில் டம்ளர் வைக்காதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது யாருக்கும் தெரிந்ததுதான்.

லேஅவுட்டைக் கடைசியில் பார்ப்பது

கஸ்டம் கீபோர்டு என்றதும் முதலில் கண் போவது நிறத்துக்கு. அடுத்து விளக்கு, அடுத்து கீகேப்புக்கு அடியில் அழுத்தத்தை உணரும் ஸ்விட்ச். விசைகள் எந்த அளவில், எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைப் பெட்டி வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்க்கிறோம். நான் அப்படித்தான் செய்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஸ்விட்ச் பிடிக்கவில்லையா, மாற்றலாம். கீகேப்பை மாற்றலாம். உள்ளே நுரைத் தகடு வைக்கலாம், எடுக்கலாம். எந்த விசை என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைக்கூட மாற்றலாம். ஆனால் ஸ்விட்சுகள் பொருந்தும் மின்சுற்றுப் பலகையான பிசிபியில் துளை எங்கே போட்டிருக்கிறார்களோ, விசை அங்கேதான் நிற்கும். வாங்கியபின் மாற்றவே முடியாத ஒரே விஷயம் அதுதான். அதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஒரு எழுத்து விசையின் இடத்தை 1 யூ என்பார்கள். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவரை 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம். மற்ற விசைகளை எல்லாம் இதன் மடங்கில் சொல்வார்கள். வழக்கமான முழு அளவு அமெரிக்க லேஅவுட்டின் அடிவரிசையில் இடப்பக்கம் மூன்று விசைகள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் யூ. நடுவில் ஸ்பேஸ்பார் ஆறேகால் யூ. வலப்பக்கம் நான்கு விசைகள், மறுபடி ஒன்றேகால் யூ. கூட்டினால் 15 யூ.

தனியாக விற்கும் கீகேப் செட்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான் அச்சு வார்க்கப்படுகின்றன.

நான் வாங்கியது "கேமிங்" என்று பெரிதாக எழுதியிருந்த ஒரு கீபோர்டு. அதன் அடிவரிசை: ஒன்றரை, ஒன்று, ஒன்றேகால், ஆறரை, ஒன்றேகால், ஒன்று, ஒன்று, ஒன்றரை. இதையும் கூட்டுங்கள், அதே 15 யூ! அதனால் வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆறேகாலுக்கும் ஆறரைக்கும் நடுவே கால் யூ, மி.மீ. கணக்கில் 4.76. ஒரு பென்சிலின் கனம்கூட இருக்காது. அந்த இடைவெளிக்காக, கீபோர்டைவிட அதிகம் கொடுத்து வாங்கிய கீகேப் செட்டில் ஸ்பேஸ்பாரும் கண்ட்ரோலும் விண்டோஸ் விசையும் வீணாயின.

அழுத்தி உட்கார வைத்துவிடலாம் என்று முயன்றது இன்னும் பெரிய முட்டாள்தனம். ஸ்பேஸ்பார் நடுத்தண்டில் மட்டும் நிற்பதில்லை. நீள விசை சாயாமல் தாங்க இரு பக்கமும் ஸ்டெபிலைசர் தண்டுகள் உண்டு. அளவு மாறினால் அந்தத் தண்டுகளின் இடமும் மாறிவிடலாம். நான் அழுத்திய அழுத்தில் கீகேப்பின் அடியிலிருந்த குழல் பிளந்து, ஸ்டெபிலைசர் கம்பியும் வளைந்தது. அதன்பிறகு பழைய ஸ்பேஸ்பாரைத் திரும்பப் போட்டாலும் தட்டும்போதெல்லாம் லொடலொடவென்று ஒரு சத்தம். அந்தக் கீபோர்டை விற்கும்வரை அந்தச் சத்தம் போகவில்லை.

முழு அளவு வேண்டாம், சின்னதாக வாங்குகிறேன் என்பவர்களுக்கும் இதே பொறி வேறு இடத்தில் இருக்கிறது. 65 சதவீதம் எனப்படும் அளவில் அம்புக்குறிகளுக்கு இடம்விட வேண்டும் என்பதால் வலப்பக்க ஷிஃப்ட் 2.75 யூவிலிருந்து 1.75 ஆகச் சுருங்கும். ஸ்பேஸ்பாருக்கு வலப்புறம் உள்ள மூன்றும் பெரும்பாலும் 1 யூ ஆகிவிடும். முழுக் கீபோர்டுக்கான அடிப்படை செட்டில் இவை இல்லாமல் போகலாம். இருந்தாலும் இன்னொரு சிக்கல்: செர்ரி, ஓஇஎம், எஸ்ஏ போன்ற கீகேப் வடிவங்களில் ஒவ்வொரு வரிசைக்கும் உயரமும் சாய்வும் வேறு. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக நிற்கும் பேஜ்அப், பேஜ்டவுன் விசைகளுக்கு வேறு வரிசைக்கான கீகேப்பைப் போட்டால், பல்வரிசையில் ஒரு பல் துருத்திக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். டிஎஸ்ஏ, எக்ஸ்டிஏ மாதிரி எல்லா வரிசையும் ஒரே உயரத்தில் வரும் வடிவங்களில் இந்தத் தொல்லை கிடையாது.

ஐரோப்பியப் பாணி எண்டர், தலைகீழ் எல் மாதிரி இரண்டு வரிசை உயரத்தில் நிற்குமே, அதுவும் இதே வகைதான். அமெரிக்க பாணிக்கான செட்டை அதில் போட முடியாது.

ஆகவே வாங்குமுன் தயாரிப்புப் படத்தை நேர்மேலிருந்து எடுத்ததாகத் தேடி எடுங்கள். ஸ்பேஸ்பாரின் இரு முனைகளும் மேலே எந்த எழுத்துகளுக்குக் கீழே முடிகின்றன என்று பாருங்கள். அடிவரிசையின் இடப்பக்க மூன்று விசைகளும் ஒரே அகலமா என்று பாருங்கள். ஒரே அகலம் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விற்பவரிடம் "ஸ்டாண்டர்டு லேஅவுட்டா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "ஸ்பேஸ்பார் எத்தனை யூ, வலது ஷிஃப்ட் எத்தனை யூ?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அங்கே வாங்க வேண்டாம்.

என்னிடம் அன்று இதை யாராவது சொல்லியிருந்தால் என்ற ஆதங்கம் இன்றும் போகவில்லை. அந்தப் பெட்டியின் மேல் "முழுமையாகக் கஸ்டமைஸ் செய்யலாம்" என்று வேறு போட்டிருந்தான். அவன் சொன்னது விளக்கின் நிறத்தை.

ஹாட்-ஸ்வாப் என்றால் எதையும் செருகலாம் என்று நினைப்பது

சால்டர் இல்லாமல் ஸ்விட்சைப் பிடுங்கி வேறு போடும் வசதிதான் ஹாட்-ஸ்வாப். முதல் கீபோர்டுக்கு இது கட்டாயம் வேண்டும் என்பேன். எந்த ஸ்விட்ச் பிடிக்கும் என்று நமக்கே தெரியாத காலம் அது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஸ்விட்சில் இரண்டு உலோகக் கால்கள், நடுவில் பருத்த பிளாஸ்டிக் கால் ஒன்று: இது 3 பின். பக்கவாட்டில் இன்னும் இரண்டு சிறு பிளாஸ்டிக் கால்கள் இருந்தால் 5 பின். 3 பின்னுக்கான பிசிபியில் 5 பின் ஸ்விட்ச் இறங்காது. நகவெட்டியால் அந்த இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்டிவிட்டால் இறங்கும். வெட்டுமுன் பிளாஸ்டிக் காலைத்தான் பிடித்திருக்கிறோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். (பார்க்காமல் உலோகக் காலை வெட்டி நான் இரண்டு ஸ்விட்சை இழந்தேன்.)

காந்தத்தில் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்விட்சுகள் வேறு ஜாதி. சாதாரண மெக்கானிக்கல் பிசிபியில் அவற்றைப் போட்டுப் பயனில்லை, விசை பதியாது.

செருகும்போது சாய்த்து அழுத்தினால் உலோகக் கால் மடங்கி உள்ளே படுத்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. விசை வேலை செய்யாதபோதுதான் தெரியும். இன்னும் பலமாக அழுத்தினால் பிசிபியின் அடியில் ஒட்டியிருக்கும் சாக்கெட்டே பெயர்ந்து வந்துவிடும். பிசிபியைக் கழற்றி வைத்திருக்கும்போது, சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு விரலைத் தாங்கலாக வைத்துக்கொண்டு நேராக அழுத்துங்கள்.

ஸ்பீடு ஸ்விட்சில் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்வது

விளையாட்டுக்கு வேகம், எழுத்துக்கும் வேகம், அதனால் ஸ்பீடு ஸ்விட்ச் என்று ஒரு கணக்கு போடுகிறார்கள். செர்ரி எம்எக்ஸ் ரெட் என்ற சாதாரண ஸ்விட்ச் 2 மி.மீ. இறங்கியதும் பதியும், ஸ்பீடு சில்வர் 1.2 மி.மீ.யிலேயே பதிந்துவிடும். இரண்டுக்கும் வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், 45 சென்டிநியூட்டன். விரலை விசைமேல் ஓய்வாக வைத்துக்கொண்டு யோசிக்கும் பழக்கம் உள்ளவர் என்றால், யோசிக்கும் நேரத்தில் எழுத்துகள் தானே விழும். ஒரு மாதத்தில் பழகிவிடும் என்றார்கள். எனக்கு மூன்று மாதமாகியும் பழகவில்லை. பேக்ஸ்பேஸ்தான் தேய்ந்தது.

இரண்டுக்கும் ஒரே கீபோர்டு என்றால் தடங்கலின்றி ஒரே சீராக இறங்கும் சாதாரண லீனியர் ஸ்விட்ச் போதும். அல்லது ஹாட்-ஸ்வாப்பில் இடக்கை நகர்வு விசைகளான டபிள்யூ, ஏ, எஸ், டி நான்குக்கு மட்டும் ஒன்று, மற்றதற்கு வேறொன்று. பார்க்க விசித்திரமாகத் தோன்றும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வீடியோவில் சத்தம் கேட்டு வாங்குவது

நீங்கள் கேட்பது அவர்களுடைய மைக்கையும் மேசையையும்.

மென்பொருளைக் கேட்காமல் வாங்குவது

விசைகளை மாற்றியமைக்க நிறுவனமே ஒரு மென்பொருள் கொடுக்கும். சிலவற்றில் மேக்ரோ (ஒரே விசையில் பல அழுத்தங்கள்) எல்லாம் அந்த மென்பொருளில்தான் இருக்கும், கீபோர்டில் இருக்காது. வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து அமைத்ததை அலுவலகக் கணினியில் செருகினால் ஒன்றுமே வேலை செய்யாது; அங்கே எதையும் நிறுவவும் விடமாட்டார்கள். நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டால் மென்பொருளும் ஒருநாள் நின்றுபோகும்.

கியூஎம்கே என்ற திறந்தமூல ஃபர்ம்வேரில் (கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஓடும் கீபோர்டில், அமைப்பு கீபோர்டின் நினைவிலேயே பதிந்துவிடுகிறது. வியா என்ற அமைப்புக் கருவியும் அதனோடு சேர்ந்து வந்தால், உலாவியிலேயே விசையைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம். கேப்ஸ்லாக்கைத் தட்டினால் எஸ்கேப், பிடித்தால் கண்ட்ரோல் என்று ஒருமுறை வைத்துப் பழகியவர்கள் திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: புது ஃபர்ம்வேர் ஏற்றுமுன் அது உங்கள் மாடலின் அதே வகைக்கானதா என்று பாருங்கள். அமெரிக்க எண்டருக்கும் ஐரோப்பிய எண்டருக்கும், கம்பி உள்ளதற்கும் இல்லாததற்கும் தனித்தனிக் கோப்பு இருக்கலாம்.

விளையாட்டில் குறுக்குவழியை நம்புவது

ஹால் எஃபெக்ட் கீபோர்டுகளின் ரேபிட் டிரிகர் உண்மையிலேயே பயன் தருவது. விசை முழுதாக மேலே வர வேண்டியதில்லை. கொஞ்சம் தூக்கினாலே விடுபட்டதாக எடுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த பாத்திரம் சட்டென்று நிற்கும். ஆனால் இடம், வலம் இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது கடைசியாக அழுத்தியதை மட்டும் கீபோர்டே தேர்ந்து அனுப்பும் வசதி வேறு. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட்டத்தின் அதிகாரபூர்வ சர்வர்களில் 2024 ஆகஸ்டில் அந்த ஆட்டத்தின் தயாரிப்பாளரான வால்வ் அதைத் தடை செய்துவிட்டது. பயன்படுத்தினால் ஆட்டத்திலிருந்து வெளியே தூக்கிப் போடும். அந்த வசதிக்காகவே ஒரு கீபோர்டு வாங்க நினைத்தால் உங்கள் ஆட்டத்தின் விதியை முதலில் படியுங்கள்.

8000 ஹெர்ட்ஸ் போலிங் என்ற விளம்பரத்துக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கணினி கேட்கிறது. 8000 என்றால் 0.125 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. ஆனால் மெக்கானிக்கல் ஸ்விட்சின் உலோகத் தகடு தொட்டதும் சிறிது அதிரும். அது அடங்கத் தரும் நேரமே கியூஎம்கேயில் இயல்பாக 5 மில்லிசெகண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத்தில் விளையாடுவது

வேண்டாம். கம்பி, அல்லது கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள்.

விளக்குக்காக வாங்கிவிட்டு பிபிடி கீகேப் போடுவது

சாயம் ஏற்றி எழுத்து பதித்த, பிபிடி என்ற தடித்த பிளாஸ்டிக்கில் வெளிச்சம் ஊடுருவாது. இரண்டில் ஒன்று. இன்னொன்று: எல்இடி ஸ்விட்சின் மேல்பக்கம் (திரைப் பக்கம்) அமைந்த பிசிபியில் செர்ரி வடிவ கீகேப் போட்டால், சில ஸ்விட்சுகளில் நடுவரிசை கீகேப் ஸ்விட்ச் கூட்டில் இடிக்கும். விளக்கு முக்கியமில்லை என்றால் எல்இடி கீழ்ப்பக்கம் (நம் பக்கம்) உள்ளதை வாங்குங்கள்.

லூப் (மசகு) போட்டுத் தள்ளுவது

ஸ்டெபிலைசருக்குத் தாராளமாக, லீனியருக்கு மெல்லிய பூச்சாக. அழுத்தும்போது நடுவே ஒரு மேடு தட்டுப்படும் டாக்டைல் ஸ்விட்சின் தண்டுக் கால்களில் தடவினால், எந்த மேட்டுக்காகக் கூடுதல் காசு கொடுத்தீர்களோ அதுவே காணாமல் போகும்.

தமிழ் எழுத்து அச்சிட்ட கீகேப் தேடி மாதக்கணக்கில் காத்திருப்பது

கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எந்த இடத்து விசை என்ற எண்ணை மட்டும் அனுப்பும். அதைத் தமிழாக்குவது கணினி. தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் உயிர் பெரும்பாலும் இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை. ஒரு தாளில் வரைந்து திரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் இரண்டு வாரத்தில் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம். இருக்கிற கீகேப்பே போதும், ஸ்பேஸ்பார் உட்கார்ந்தால்.