விமான நிலைய சேப்ளின் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் சேப்ளின், அதாவது ஆறுதல் சொல்லி ஜெபிக்கும் ஊழியர், என்ன செய்வார் என்று நம்மில் பலருக்குத் தெரியும். நோயாளி சில நாட்களாவது கட்டிலில் இருப்பார். இன்று பேச முடியாவிட்டால் நாளை போய்ப் பார்க்கலாம். விமான நிலையத்தில் அந்த நாளை கிடையாது. லண்டன் ஹீத்ரோவில் 2024-இல் மட்டும் 8 கோடிக்கும் அதிகமான பயணிகள் வந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் சேப்ளினிடம் மனம்விட்டுப் பேச உட்காருகிறார் என்றால், அவரிடம் அரை மணி நேரம் இருந்தாலே அதிகம். மறுபடி அவரைப் பார்க்கப் போவதுமில்லை. புதிதாக இந்தப் பணிக்கு வருபவர்களின் தவறுகளில் பாதி, இதை மறப்பதால் வருகிறது.

ஆகவே பெயரைக் கேட்பதற்கு முன்பே, "உங்க ஃப்ளைட் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட வேண்டும். அம்மா இறந்த செய்தி கேட்டு ஊருக்கு ஓடுகிறவரை உட்காரவைத்து, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, சபையில் பழகிய வழக்கத்தில் பத்து நிமிடம் ஜெபித்தால் கேட்டை மூடிவிடுவார்கள். அடக்கத்துக்குப் போய்ச்சேர அவருக்கு இருந்த ஒரே விமானமாகக்கூட அது இருக்கலாம். ஜெபம் ஒரு நிமிடம் போதும். கேட் வரைக்கும் கூடவே நடந்துபோவது அதைவிடப் பெரிய உதவி.

ஆட்கள் தேடி வருவார்கள் என்று சிற்றாலயத்திலேயே உட்கார்ந்திருப்பது இன்னொரு தவறு. ஹீத்ரோவின் புனித ஜார்ஜ் சிற்றாலயம் 1968-இல் திறக்கப்பட்டது. ஃபிரெடரிக் கிப்பர்ட் தரைக்கடியில் வடிவமைத்த அருமையான இடம். ஆனால் ஐந்தாம் டெர்மினலில் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பவர் அதைத் தேடி வரமாட்டார். நாம்தான் நடக்க வேண்டும். பயணிகளை மட்டும் பார்த்துக்கொண்டும் நடக்கக் கூடாது. அமெரிக்காவின் முதல் விமான நிலையச் சிற்றாலயம் 1951-இல் பாஸ்டன் லோகனில் எழுந்தபோது, அங்கே வேலை செய்பவர்களை மனதில் வைத்துத்தான் கட்டினார்கள். துப்புரவுப் பணியாளர், பைகளை ஏற்றுகிறவர், விடியற்காலை ஷிஃப்டுக்கு வரும் பாதுகாப்புப் பணியாளர் எல்லோரும் நாளையும் அங்கே இருப்பார்கள். அவர்களோடுதான் உறவு வளரும். ஆனால் சோதனை நடக்கும்போது போய்ப் பேச்சுக்கொடுக்காதீர்கள். கேன்டீனில் அவர்களோடு டீ குடியுங்கள்.

இனி, நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கசக்கும் ஒன்று. கைப்பிரதி கொடுத்து மதம் பரப்பும் ஊழியத்தில் வளர்ந்தவர்களுக்கு விமான நிலையம் பெரிய அறுவடைக் களமாகத் தெரியும். இத்தனை நாட்டு மக்கள், இத்தனை மொழிகள்! ஆனால் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உட்கார்ந்திருப்பவர், நம்மைப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து எங்கே போவார்? நகர முடியாத மனிதரிடம் மதம் பேசுவது அவருடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது. நம்மை உள்ளே விட்டிருப்பதே எல்லா மதத்தாருக்கும், மதம் இல்லாதவருக்கும் துணையாக இருப்போம் என்ற நம்பிக்கையில்தான். முஸ்லிம் குடும்பம் ஒன்று தொழ இடம் கேட்டால் வழிகாட்டுங்கள், இமாமைக் கேட்டால் அழைத்துக் கொடுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு அதே அன்போடு பக்கத்தில் இருங்கள். கேட்காமல் தலையில் கை வைக்கவே கூடாது. இப்படிச் செய்வதால் நம் விசுவாசத்தின் சாட்சி குறைந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை.

விபத்து நாளில் செய்யும் தவறுகள்தான் ஆழமாகக் காயப்படுத்தும். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க் ஜே.எஃப்.கே.யிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த 230 பேரும் இறந்தார்கள். விமானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளவே குடும்பத்தார் தவித்துக் காத்துக் கிடந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவ அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. அதன்படி, குடும்பத்துக்குத் தகவல் சொல்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. ஆறுதல் பணியைச் செஞ்சிலுவைச் சங்கம் ஒருங்கிணைக்கும். எனவே டிவியில் செய்தி பார்த்ததும் போதகரின் கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவது சேவையாகாது, அங்கே இருப்பவர்களுக்குத் தொல்லைதான். முறையாக அழைத்தால் போங்கள்.

போனபின், "என் பையன் உயிரோடு இருக்கானா?" என்று கேட்கும் தகப்பனிடம், "நம்பிக்கையோடு இருங்க" என்று சொல்லிவிடாதீர்கள். காதில் விழுந்த எதையும் சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியாதுங்க. தெரியிற வரைக்கும் உங்ககூட இருக்கேன்" என்பது நேர்மையான பதில். "கர்த்தருடைய சித்தம்" என்ற சொல்லை அன்றைக்கு நாவில் எடுக்கவே வேண்டாம். வெளியே மைக் நீட்டுகிறவர்களிடம் எதுவும் பேசாதீர்கள்.

தமிழ் பேசும் சேப்ளினுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. 1987 பிப்ரவரியில், தஞ்சம் கேட்டு வந்த ஈழத்தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் ஹீத்ரோவில் உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த அளவு பயத்தோடு வரும் ஒருவர் நம் தமிழைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொள்வார். அதிகாரியும் "நீங்களே மொழிபெயர்த்துவிடுங்களேன்" என்பார். மறுத்துவிடுங்கள். ஒரு தேதியோ ஓர் ஊர்ப்பெயரோ மாறிப்போனாலும் அவருடைய வழக்கு பாழாகும். முறையான மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் கிடைக்க வழிகேட்டுக் கொடுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். "அனுப்பமாட்டாங்க, பயப்படாதீங்க" என்று வாக்கும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் நம்மை உள்ளே விடும் அனுமதிப் பாஸ். அதைக் காட்டி உறவினரை வரிசை தாண்டி அழைத்துப்போவது, பயணி தந்த பொட்டலத்தைச் சோதனைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அறவே கூடாது. மருந்துதான் என்று அழுதாலும் கூடாது. பர்ஸ் தொலைந்தது என்று வருபவருக்குச் சொந்தக் காசைக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஹீத்ரோ டிராவல் கேர் போல, இதற்கென்றே சமூகப்பணியாளர்கள் இருக்கும் இடங்களில் அவர்களிடம் அழைத்துப்போங்கள்.

வாட்ஸ்அப் ஜெபக்குழுவிலும் கவனம் தேவை. நல்ல மனதோடுதான் போடுவோம்: இன்ன பெயர், இன்ன விமானம், கணவர் விமானத்திலேயே இறந்துவிட்டார், ஜெபியுங்கள் என்று. ஊரில் இருக்கும் மகளுக்கு அந்தச் செய்தி போவதற்குள் குழுவிலிருந்து குழுவுக்குப் பரவி அவள் கைக்கே வந்துவிடும். "துக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். பெயரும் ஊரும் விமான எண்ணும் வேண்டாம்.