‘ஃபைன்’ என்றால் எப்போதும் ‘நன்று’ அல்ல

திருகோணமலைக் கடற்கரைகளான நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பயணிகள் நிறைந்திருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், விருந்தினர் விடுதிகளில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளைத் தடுமாற வைப்பவை பெரும்பாலும் கடினமான ஆங்கிலச் சொற்கள் அல்ல, ‘ஃபைன்’ போன்ற மிக எளிய சொற்களே. இன்னொரு தேநீர் தரவா என்று கேட்கும்போது விருந்தினர் “ஐ ஆம் ஃபைன்” என்றால், அவர் தமது நலத்தைச் சொல்லவில்லை. “போதும், வேண்டாம்” என்று பணிவாக மறுக்கிறார். அதைச் சம்மதமாக எண்ணிக் கோப்பையை நிரப்பிவிட வேண்டாம். “தட்ஸ் ஃபைன்” என்பதுதான் சம்மதம். ஆயினும் முகம் சுருங்கிய நிலையில் “ஃபைன்” என்று மட்டும் ஒற்றைச் சொல்லாக வந்தால், மனக்குறை இருக்கக்கூடும் என்பதால், இன்னொரு முறை கேட்பதே மரியாதை.

இலத்தீனில் ‘முடிவு’ எனப் பொருள்படும் ‘ஃபினிஸ்’ என்னும் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த இப்பெயரடை, முற்றுப்பெறச் செப்பமானது, ஆகவே உயர்தரமானது என்றாகி, நுண்மையையும் மென்மையையும் குறிக்கலாயிற்று. எனவே ‘ஃபைன் சாண்ட்’ என்பதை ‘நல்ல மணல்’ என்று மொழிபெயர்க்காமல் ‘நுண்மணல்’ என்றே எழுதுங்கள். ‘ஃபைன் வெதர்’ மழையற்ற தெளிந்த வானிலை. தண்டப்பணத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. பிணக்கை முடித்துவைக்கச் செலுத்திய பணம் என்பது அதன் பழைய பொருள்.

வெளிநாட்டு வேலைக்கு ஒப்பந்தம் எழுதுவோர் ‘ஃபைன் பிரிண்ட்’ என்பதை அழகிய அச்சு என்று எண்ணிவிடக்கூடாது. நிபந்தனைகள் அடங்கிய பொடி எழுத்துப் பகுதியே அது. கையெழுத்திடுமுன் அதை வரிவரியாக வாசியுங்கள்.