கட்வொர்க் ஓரம் பிரிந்ததைச் சரிசெய்த கதை

மேசை விரிப்பில் கட்வொர்க் பூக்களை (ஓரத்தைத் தைத்து, உள்ளே இருக்கும் துணியை வெட்டியெடுக்கும் எம்பிராய்டரி) தைத்து, நடுத்துணியை வெட்டியபோது அழகாகத்தான் இருந்தது. முதல் துவைப்பிலேயே ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது.

கத்தரிக்கோலைத்தான் முதலில் குறை சொன்னேன். உற்றுப் பார்த்தால் தப்பு தையலில். பட்டன்ஹோல் தையலின் (பொத்தான் துளையின் ஓரத்தில் போடுவது போன்ற தையல்) முடிச்சு வரிசை, வெட்டும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். நான் பாதிப் பூக்களில் எதிர்ப்பக்கம் போட்டிருந்தேன். அடியில் ஓட்டுத் தையலும் (ஊசியை மேலும் கீழும் ஓட்டிப் போடும் சாதாரணத் தையல்) இல்லை. சோம்பல், வேறென்ன!

பிசிறுகளை நறுக்கிவிட்டு, ஓரத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி, நல்ல துணியில் இரண்டு வரி ஓட்டுத் தையல் போட்டேன். அதன்மேல் இடைவெளி தெரியாமல் நெருக்கமாகப் பட்டன்ஹோல் தையல், முடிச்சு ஓட்டையைப் பார்த்தபடி. பெரிதாகிப்போன ஓட்டைகளின் குறுக்கே நூலை மூன்று முறை இழுத்துக் கட்டி, அதைச் சுற்றிலும் அதே தையலைப் போட்டுப் பாலமாக்கினேன். ஓட்டையின் வடிவம் குலையாமல் நின்றது.

மிச்சமிருந்த பூக்களை வெட்டுவதற்கு முன்பே துவைத்து இஸ்திரி போட்டேன். அப்புறம் நடுவிலிருந்து ஓரம்வரை கீறி, துணியைப் பின்பக்கம் மடக்கி, தையலை ஒட்டி நறுக்கினேன். ஒரு இடத்தில் மட்டும் தையல் நூலையே வெட்டிவிட்டேன். அங்கே மேலே ஒரு இலை முளைத்திருக்கிறது.