பிள்ளை வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவைக் கேட்கப் போகிறீர்களா?

ஏப்ரல் பிறந்தால் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களின் கச்சேரிகள் வரிசையாக வரும். என் மகள் படிப்பது கம்ப்யூட்டர். இசையைப் பாடமாக எடுக்காதவர்களுக்கென்றே அங்கே இருக்கும் ஆர்கெஸ்ட்ராவில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிக்கிறாள். மயிலாப்பூர் சபாக்களில் கேட்டு வளர்ந்த நான், இதைக் கேட்கத் தனியாகப் பழக வேண்டியிருந்தது.

முதல் வேலை, வாசிக்கப்போகும் படைப்பைக் காதில் போட்டுக்கொள்வது. அந்த முறை செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி. 1893இல் நியூயார்க்கில் இருந்தபோது எழுதியது, நான்கு பகுதிகள், சுமார் 40 நிமிடம். முழுவதும் கேட்க நேரமில்லையா, சரி, இரண்டாம் பகுதியை மட்டும் சமைக்கும்போது ஐந்தாறு தடவை ஓடவிடுங்கள். தெரிந்த கீர்த்தனையை மேடையில் கேட்கிற சுகம் அப்போதுதான் வரும்.

பெரும்பாலான மாணவர் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. கச்சேரி நடந்த ஹில் ஆடிட்டோரியம் 1913இல் திறந்தது. ஏறக்குறைய 3,500 பேர் உட்காரலாம். கீழே முன்வரிசைக்கு ஓடாதீர்கள். அங்கிருந்து முதல் வரிசை வயலின்காரர்களின் முதுகுதான் தெரியும். மாடியில் முன்பக்கம் உட்கார்ந்தால் உங்கள் பிள்ளையின் கை தெரியும்.

சுருதி சேர்ப்பதைத் தவறவிடாதீர்கள். நமக்குத் தம்புரா போல அங்கே ஓபோ என்ற ஊதுகுழல். அது ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் பிரிவு பிரிவாக அதில் வந்து சேர்வார்கள். எனக்கு உடம்பு சிலிர்க்கும் நேரம் அது.

அப்புறம் ஆட்களைப் பாருங்கள். தந்தி வாத்தியக்காரர்கள் இருவருக்கு, இசைத்தாள் வைக்க ஒரு ஸ்டாண்டு. உள்பக்கம், அதாவது நம்மிடமிருந்து தள்ளி இருப்பவர்தான் தாளைத் திருப்ப வேண்டும். மூன்றாவது ஸ்டாண்டில் உள்பக்கம் என் மகள். வில்லை நிறுத்தி, இடது கையால் சத்தமில்லாமல் தாளைப் புரட்டி, விட்ட இடத்தில் சேர்ந்துகொள்வாள். பக்கத்தில் இருக்கும் பையன் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருப்பான். கடைசிப் பகுதியில் ஜால்ராவைப் போன்ற பெரிய சிம்பலுக்கு மொத்தமே ஒரு தட்டு, அதுவும் மெதுவாக. அந்த ஒன்றுக்காக ஒரு மாணவர் அவ்வளவு நேரம் கணக்குத் தப்பாமல் எண்ணிக் காத்திருக்கிறார்.

தொடையில் தாளம் போட வேண்டாம், நடுவில் எழுந்து போக வேண்டாம். பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவதில்லை. மறந்து தட்டிவிட்டால் குடி முழுகிப் போகாது. ஆனால் இரண்டாம் பகுதி முடியப்போகும்போது கவனம் வேண்டும். தந்தி வாத்தியக்காரர்களில் சிலர் மட்டும் அந்தப் பகுதியின் மெட்டை எடுப்பார்கள். பாதியில் நிற்கும், மௌனம், மறுபடி தொடங்கும். முடிந்துவிட்டதென்று நினைக்கத் தோன்றும். கடைசிப் பகுதியின் இறுதி ஸ்வரமும் அப்படியே தேய்ந்துதான் மறையும். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் கையை முழுதாக இறக்கிய பிறகு தட்டுங்கள்.

வெளியே வந்ததும் பிள்ளையிடம் "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கேட்ட ஓர் இடத்தைச் சொல்லுங்கள். "அந்த நின்று நின்று வந்த இடத்தில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"நான் வாசிக்கவே இல்லைம்மா. வயோலாவை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் இருந்தேன்" என்றாள். கார் வரை அதையே பேசிக்கொண்டு வந்தாள்.