மெயில்சிம்ப் ஏபிஐ: பெரிய பட்டியலை வேகமாக எடுப்பது எப்படி

மின்னஞ்சல் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப்பின் ஏபிஐ-யிடம் (நம் நிரல் நேரடியாகத் தரவு கேட்டு வாங்கும் வழி) எதுவும் குறிப்பிடாமல் உறுப்பினர் பட்டியலைக் கேட்டால் 10 பேரை மட்டும்தான் தரும். அதனால் முதல் வேலையாக ‘கவுன்ட்’ (ஓர் அழைப்பில் எத்தனை பேர்) மதிப்பை 1000 ஆக்குங்கள், அதுதான் உச்சம். 2 லட்சம் பேர் இருந்தால் 20,000 அழைப்புகள் 200 ஆகக் குறையும். ‘ஆஃப்செட்’டை (எத்தனை பேரைத் தாண்டி எடுக்க வேண்டும் என்ற எண்) 0, 1000, 2000 என்று ஏற்றிக்கொண்டே போனால் போதும்.

அப்புறம் ‘ஃபீல்ட்ஸ்’, அதாவது எந்தெந்த விவரம் வேண்டும் என்று சொல்வது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஒவ்வொரு உறுப்பினரோடும் புள்ளிவிவரம், இருப்பிடம், டேக், ஒரு கட்டு லிங்க் எல்லாம் சேர்ந்து வரும். உங்களுக்கு மின்னஞ்சலும் சந்தா நிலையும் போதுமென்றால் அந்த இரண்டை மட்டும் கேளுங்கள், பதில் சட்டென்று வருவது கண்ணுக்கே தெரியும்.

தினமும் முழுப் பட்டியலையும் இழுக்காதீர்கள், தயவுசெய்து. ‘சின்ஸ் லாஸ்ட் சேஞ்ச்டு’ வடிகட்டியைப் போட்டால் மாறியவர்கள் மட்டும் வருவார்கள். இங்கே ஒரு நுணுக்கம்: அடுத்த முறைக்காகச் சேமிக்க வேண்டியது ஓட்டம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இல்லை, இல்லாவிட்டால் நடுவில் மாறியவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

ஒரே நேரத்தில் 10 இணைப்புகள்தான் அனுமதி, மீறினால் 429 பிழை (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்ற பதில்) வரும். 4, 5 போதும் என்பது என் கருத்து. பிழை வந்தால் 2 வினாடி, 4 வினாடி, 8 வினாடி என்று இடைவெளியைக் கூட்டி மறுபடி கேளுங்கள்.

அவசரமில்லை என்றால் பேட்ச் வசதி இருக்கிறது. எல்லா அழைப்புகளையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் பின்னணியில் ஓடி, முடிவுகள் சுருக்கிய கோப்பாகக் கிடைக்கும். அந்தப் பதிவிறக்க லிங்க் 10 நிமிடம்தான் செல்லும், கிடைத்ததும் இறக்கிவிடுங்கள்.