அமெரிக்க ரெயில்ரோடுல டிராக் இன்ஸ்பெக்‌ஷன் ரெக்கார்டு எப்படி எழுதணும்

அமெரிக்காவுல ஷார்ட் லைன் மாதிரி சின்ன ரெயில்ரோடு கம்பெனில டிராக் இன்ஸ்பெக்டரா சேர்றீங்கன்னா முதல்ல படிக்க வேண்டியது 49 சிஎஃப்ஆர் (அமெரிக்க மத்திய அரசு விதிகளோட தொகுப்பு) பார்ட் 213, அதுல ரெக்கார்டு பத்தி பேசுறது 213.241. 1970-ல வந்த ரெயில்ரோடு சேஃப்டி சட்டத்துக்கு அப்புறம் வந்த ரூல்ஸ் இது, கண்காணிக்கிறது ஃபெடரல் ரெயில்ரோடு அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமா எஃப்ஆர்ஏ.

ஃபீல்டுக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு செக் பண்ணிக்கோங்க. 213.7 படி டிராக் ஓனர் உங்களை தகுதியான ஆளுன்னு எழுத்துல நியமிச்சிருக்கணும், எந்த அனுபவத்தை, எந்த டிரெய்னிங்கை வெச்சு நியமிச்சாங்கன்னும் பேப்பர்ல இருக்கணும். அது இல்லாம நீங்க எவ்வளவு நல்லா பார்த்தாலும் அந்த இன்ஸ்பெக்‌ஷன் கணக்குல வராது, அதனால வெட்கப்படாம ஆபீஸ்ல கேட்டு உங்க பேர் இருக்கான்னு பார்த்துடுங்க.

ரெக்கார்டை பார்த்த அன்னைக்கே எழுதி, பார்த்த ஆளே கையெழுத்து போடணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உக்காந்து வாரம் முழுக்க நடந்ததை மொத்தமா எழுதுறதெல்லாம் கூடாது. யார் பார்த்தது, என்ன டிராக், எந்த தேதி, எந்த மைல்போஸ்ட்ல இருந்து எது வரைக்கும், குறை எங்க இருக்கு, என்ன மாதிரி குறை, அதுக்கு நீங்க என்ன பண்ணீங்க, இது அத்தனையும் வரணும். குறையே இல்லாத நாளுக்கும் ரெக்கார்டு உண்டு.

எல்லாரும் சொதப்புற இடம் அந்த கடைசி ரெண்டும்தான், அதனால ஒரு உதாரணத்தோட சொல்றேன். எவ்வளவு வேகத்துல ரயில் போகலாங்கிறதை வெச்சு டிராக்கை கிளாஸா பிரிச்சிருக்காங்க. கிளாஸ் 3 டிராக்னு வெச்சுக்கோங்க, சரக்கு ரயில் மணிக்கு 40 மைல், பாசஞ்சர் 60 மைல் வரைக்கும் போகலாம். கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில உள்ள அகலம், தண்டவாளத் தலையோட மேல்மட்டத்துல இருந்து 5/8 இன்ச் கீழ அளக்கணும், கிளாஸ் 3-க்கு அதிகபட்சம் 57 3/4 இன்ச். நீங்க அளந்தா 57 7/8 வருது. சரி ஒரு படி இறக்கி கிளாஸ் 2 வேகம் 25 மைல் போட்டுடலாம்னு தோணும், ஆனா கிளாஸ் 2-க்கும் அதே 57 3/4 தான் லிமிட், அதனால நேரா கிளாஸ் 1-க்கு போகணும், அங்க லிமிட் 58 இன்ச், சரக்கு ரயில் 10 மைல், பாசஞ்சர் 15 மைல். இதை ரெக்கார்டுல "கேஜ் அதிகம், பார்க்கணும்"னு எழுதினா யாருக்கும் உபயோகம் இல்ல. "மெயின் டிராக், மைல்போஸ்ட் 47.6, கேஜ் 57 7/8, சரக்கு 10 பாசஞ்சர் 15-னு ஸ்லோ ஆர்டர் போட்டாச்சு"ன்னு எழுதுங்க. ரிப்பேர் பண்ற கேங்குக்கு சொல்லியிருக்கேன்னு மட்டும் எழுதினா பத்தாது, அடுத்து அந்த இடத்தை தாண்டப்போற ரயிலுக்கு நீங்க என்ன பாதுகாப்பு பண்ணீங்கங்கிறதுதான் அங்க வரணும். ஜாயின்ட் பார்ல, அதாவது ரெண்டு தண்டவாளத்தை சேர்க்கிற இரும்பு பட்டைல, நடு ரெண்டு போல்ட் ஓட்டைக்கு இடையில விரிசல் இருந்தா மாத்தியே ஆகணும், மாத்தினா மாத்தினதா எழுதுங்க, எந்த பக்க தண்டவாளம்னும் சேர்த்து.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்கணுங்கிறது 213.233-ல இருக்கு, ரெக்கார்டுல இருக்கிற தேதிய வெச்சுத்தான் எஃப்ஆர்ஏ ஆள் இதை சரிபார்ப்பார். கிளாஸ் 4, 5 வாரத்துக்கு ரெண்டு தடவை, நடுவுல ஒரு நாளாவது இடைவெளி இருக்கணும், திங்கள் செவ்வாய்னு அடுத்தடுத்து பார்த்துட்டு கணக்கு முடிஞ்சதுன்னு சொல்ல முடியாது. கிளாஸ் 1, 2, 3 மெயின் டிராக்கும் சைடிங்கும் (ரயில் ஒதுங்கி நிக்கிற பக்கத்து டிராக்) வாரத்துக்கு ஒரு தடவை, ஆனா பாசஞ்சர் ரயில் ஓடினாலோ போன வருஷம் 10 மில்லியன் கிராஸ் டன்னுக்கு மேல போயிருந்தாலோ அதுவும் வாரத்துக்கு ரெண்டு. டர்ன்அவுட் (ரயில் தடம் மாறுற இடம்), ஒரு டிராக்கை இன்னொரு டிராக் வெட்டிப் போற கிராசிங் எல்லாம் மாசத்துக்கு ஒரு தடவையாவது நடந்தே போய் பார்க்கணும். வெள்ளம், தீ, பெரிய புயல் வந்தா தனியா ஒரு ஸ்பெஷல் இன்ஸ்பெக்‌ஷன், அதுக்கும் ரெக்கார்டு.

ரெட்டை டிராக் இருக்கிற இடத்துல ஹை-ரெயில் டிரக்ல (ரோட்டுலயும் தண்டவாளத்துலயும் ஓடுற வண்டி) ஒண்ணு மேல போய்க்கிட்டே பக்கத்து டிராக்கையும் பார்க்க ரூல்ல இடம் இருக்கு, ஆனா மெயின் டிராக் ஒவ்வொண்ணு மேலயும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டியோ நடந்தோ போயிருக்கணும், அதனால எந்த டிராக் மேல போனீங்க எதை பக்கத்துல இருந்து பார்த்தீங்கன்னு ரெக்கார்டுல தனியா காட்டணும். இதை நிறைய பேர் விட்டுடுறாங்க.

தண்டவாளத்துக்கு உள்ள இருக்கிற குறையை ஒலி அலையால பார்க்கிற அல்ட்ராசோனிக் டெஸ்ட் ரெக்கார்டு வேற கணக்கு. சாதாரண இன்ஸ்பெக்‌ஷன் ரெக்கார்டு குறைஞ்சது 1 வருஷம் வெச்சிருக்கணும்னா இது டெஸ்ட் பண்ணி 2 வருஷம், அதோட முதல் ரிப்பேர் நடவடிக்கை எடுத்து 1 வருஷம். டெஸ்ட் சரியா எடுக்க முடியாத இடத்தையும் குறிச்சு வைக்கணும், ஏன்னா அங்க உள்ள என்ன இருக்குன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. நீளமா வெல்ட் பண்ணின தண்டவாளம் போட்டா தண்டவாளத்தோட டெம்பரேச்சர், இடம், தேதி மூணும் எழுதணும், புரொசீஜர் படி போடலைன்னா அதை சரி பண்ற வரைக்கும் அந்த ரெக்கார்டு இருந்தாகணும்.

டேப்லெட்ல எழுதினா உங்க லாகின் உங்களுக்கு மட்டும்தான், யாருக்கும் குடுக்காதீங்க, ரெண்டு பேருக்கு ஒரே ஐடி இருக்கக்கூடாதுன்னே ரூல் சொல்லுது. முடிச்சு அனுப்பின ரெக்கார்டை மாத்த முடியாது, திருத்தம் இருந்தா தனியா, யார் திருத்தினாங்கன்னு தெரியிற மாதிரி சேரும். உங்களுக்கு அப்புறம் அந்த செக்‌ஷனை பார்க்க வர்றவருக்கும் இந்த ரெக்கார்டு கிடைக்கணும், அவர் அன்னைக்கு எந்த இடத்துல வண்டியை நிறுத்தி இறங்கணும்னு முடிவு பண்றதே இதை வெச்சுத்தான்.

எழுதி வெச்சா கம்பெனி மாட்டிக்கும், எழுதாம இருந்தா தப்பிச்சிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. 213.5 படி குறை இருக்குன்னு ஓனருக்கு தெரிஞ்சிருந்தா மட்டும் இல்ல, தெரிஞ்சிருக்க வேண்டிய நிலைமை இருந்தாலும் பொறுப்பு உண்டு. தெரிஞ்சே பொய்யா எழுதினா 49 யுஎஸ்சி (அமெரிக்க சட்டத் தொகுப்பு) 21311 படி அபராதமோ 2 வருஷம் வரைக்கும் ஜெயிலோ, ரெண்டுமே கூட கிடைக்கலாம், அது கையெழுத்து போட்ட ஆளுக்கு, அதாவது உங்களுக்கு. மேல இருக்கிறவர் இதை எழுதாதன்னு அழுத்தம் குடுத்தா, எழுதினதுக்காக வேலையில கை வெச்சா, 49 யுஎஸ்சி 20109 உங்களுக்கு பாதுகாப்பு. அந்த புகாரை ஓஷாகிட்ட (தொழிலாளர் பாதுகாப்பை பார்க்கிற மத்திய அரசு அமைப்பு) 180 நாளைக்குள்ள குடுத்துடணும், அதனால உங்களுக்கு அப்படி நடந்த தேதியை அன்னைக்கே தனியா குறிச்சு வெச்சுக்கோங்க.